தொட்டிக்குள் வைத்த கால்

மாதா கோயில் வாசலில் இருக்கும் தீர்த்தக் கிண்ணத்தில் இன்று காலை விரலை வைத்தேன். சில்லென்றது. சிலுவை போட நெற்றிக்குக் கொண்டுபோகாமல் கோட்டில் துடைத்துவிட்டு, மோர்னிங்சைட் பஸ் தரிப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் உங்களால்தான்.

எங்களுக்குக் கலியாணம் பேசியிருந்த காலம் நினைவிருக்கிறதா? வேலை முடிந்து இருவரும் மாலை வகுப்பில் ஐரோப்பிய வரலாறு படித்தோம். பழைய ஜெர்மானிய அரசர்கள் ஒவ்வொருவராகத் திருச்சபையில் சேர்ந்த கதை. பிராங்கியரின் அரசன் மனைவியின் கடவுளை ஏற்று ஞானஸ்நானம் பெற்றானாம். அவன் படையும் பின்னாலேயே வந்ததாம். "உங்களைப் போலை நல்ல மாப்பிள்ளை" என்று சீண்டினேன். சைவரான நீங்களும் எனக்காக ஞானஸ்நானம் பெறச் சம்மதித்திருந்தீர்கள். மன்னார்க் கத்தோலிக்கரான என் அப்பாவின் நிபந்தனை அது.

அடுத்த கிழமைப் பாடத்தில் பிரீசியரின் அரசன் வந்தான். ஒரு காலை ஞானஸ்நானத் தொட்டிக்குள் வைத்துவிட்டு, தன் முன்னோர் எங்கே என்று கேட்டானாம். நரகத்தில் என்றாராம் ஆயர். அப்படியானால் நானும் அவர்களோடேயே இருக்கிறேன் என்று காலை வெளியே எடுத்துவிட்டானாம். வகுப்பே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அந்த அரசனின் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தீர்கள்.

உங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து இறந்தபோது நீங்கள் இங்கே அகதி விசாரணைக்குக் காத்திருந்தீர்கள். கொள்ளி வைக்கப் போக முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, தாயை இழந்தவர்கள் விரதம் பிடிக்கும் சித்திரா பௌர்ணமி வந்தால் அவருக்காக விரதமிருந்து கஞ்சி காய்ச்சாமல் விடமாட்டீர்கள்.

ஞானஸ்நானத்தன்று தொட்டியின் மேல் தலையைக் குனிந்தீர்கள். அப்பா வெள்ளைத் துணியோடு பக்கத்தில் நின்றார். ஃபாதர் தண்ணீரை அள்ளவும் நீங்கள் நிமிர்ந்தீர்கள்.

"ஃபாதர், என்ரை அம்மா இப்ப எங்கை?"

"கடவுளின்ரை இரக்கம் பெரிசு, தம்பி. அதை அவரிட்டை விடுவம்."

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஞானஸ்நானம் இல்லாட்டி மோட்சமில்லை. உதிலை என்ன கேள்வி?"

நீங்கள் தொட்டியை விட்டு விலகி என்னைத்தான் பார்த்தீர்கள். "ஒருக்கா அவவை விட்டிட்டு வந்தனான். ரெண்டாந்தரம் ஏலாது. குறை நினையாதையும்."

குறை நினைத்தேன். பல நாள் உங்களோடு கதைக்கவில்லை. பிறகு உங்களை விட்டு இருக்க முடியாமல் நானே தேடி வந்தேன். பதிவுத் திருமணத்துக்கு அப்பா வரவில்லை.

போன மாரியில் உங்கள் நெஞ்சு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. தகனத்தன்று அப்பா உள்ளே வராமல் வாகனத் தரிப்பிடத்துப் பனியில் செபமாலையோடு நின்றார். இன்று கோயில் வாசலில் என் கையைப் பிடித்து, உங்களைக் குறித்து, "அந்தப் பிள்ளைக்காண்டி ஒவ்வொரு நாளும் மன்றாடுறன்" என்றார்.

"அவர் எங்கை இருக்கிறாரெண்டு நினைச்சு மன்றாடுறியள், அப்பா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் தீர்த்தத்தில் விரலை வைத்தேன்.

எனக்கு விசுவாசம் போகவில்லை. அதுதான் பெரிய கரைச்சல். போயிருந்தால் நீங்கள் எங்கே என்ற இந்தக் கேள்வியும் போயிருக்கும். பூசை தொடங்கிவிட்டது, பஸ்ஸும் வருகிறது. எதற்கும் எழும்ப மனமில்லை.

நாளைக்குச் சித்திரா பௌர்ணமி. உங்கள் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்ச இனி நான்தான் இருக்கிறேன். காய்ச்சுவேன். அவரிடம் சொல்லுங்கள். இரண்டுபேரும் எங்கே இருந்தாலும் சரி, பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வையுங்கள்.