வீட்டுக்கா, ஆலயத்துக்கா?

அடியே,

இன்று காலை அறுப்பின் பண்டிகை. ஆலயத்துக்குள் கால் வைத்ததுமே பழுத்த பேரிக்காயும் மண் காயாத கேரட்டும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த காய்கறிகளின் ஏலம் முற்றத்தில் தொடங்கியபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னத்தே, பூசணிக்காயப் பாத்து இப்பிடிச் சிரிக்கிறீங்க?" என்றாள் மருமகள். அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்ல? உன்னிடம் என்றால் ஒரு வார்த்தை போதும். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆலயத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டு ஹால்தான் நம் பாலர் பள்ளி. டீச்சர், ஆயா, சமையல்காரி எல்லாமே நாம் இரண்டு பேர்தான். பனி விலகுமுன்பே தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு உருளைக்கிழங்குக் காட்டுக்குப் போய்விடுவார்கள். நீ இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் அறைக்கு அங்கே புள்ளக்காம்பரா என்று பெயராம். ஆலயக் கமிட்டிக்காரர்கள் முன்னாலும் நீ நம் பள்ளியை அப்படித்தான் சொல்வாய். "நர்சரின்னு சொல்லும்மா" என்று செக்ரட்டரி முகம் சுளிப்பார். "பேரு என்னவா இருந்தா என்னங்கய்யா, மூக்கத் தொடச்சுத்தானே ஆகணும்?" என்பாய்.

எழுத்துத் தெரியாத பிள்ளைகள் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு குட்டி நாற்காலியின் முதுகிலும் ஒரு படம் வரைந்தாய். பஸ், கேரட், குடை, கோழி. உன் கோழி பன்றி மாதிரி இருந்தது. சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய்.

பிறகு ஏரிப் பக்கம் இங்கிலீஷ் நர்சரி ஒன்று வந்தது. ஷூவும் டையும் வாங்கிக் கொடுக்க வசதி உள்ளவர்களின் பிள்ளைகள் அங்கே போனார்கள். கூலி வேலைக்காரர்களின் பிள்ளைகள் மட்டும் நம்மிடம் மிஞ்சினார்கள். பள்ளியை மூடிவிட்டு, ஹாலைச் சீசனுக்கு மலையேறி வருகிறவர்களுக்கு ரூமாக விடலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. சாமான்களை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் தள்ளிவிடுவதாகப் பேச்சு. எனக்கு அந்தப் புது நர்சரியிலேயே வேலை கிடைத்துவிட்டது. ஏலத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, சேர வேண்டும். புதுச் சேலை எடுத்துத் தேய்த்துக்கூட வைத்துவிட்டேன்.

உனக்கு வேறு வேலை எதுவும் இல்லை. ஆனால் நீ உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தாயிங்க காட்டுக்குப் போனா இதுக எங்க கெடக்கும்? வரப்புல, பனியிலயா?" என்று அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாய். உன் வீட்டை ஒட்டிக் கிழங்கு போட்டு வைக்கும் தகரக் கொட்டகை ஒன்று காலியாக இருந்தது. "அங்க வச்சுக்கலாம். ஆனா ஒரே ஈரத் தரை. நாற்காலி இல்லாம எப்பிடி உக்கார வைக்க?" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை ஏலம். நம் ஊர் வழக்கப்படி, பொருளை எடுத்தவரிடம் "வீட்டுக்கா, ஆலயத்துக்கா?" என்று கேட்பார்கள். வீட்டுக்கு என்றால் தூக்கிக்கொண்டு போகலாம். ஆலயத்துக்கு என்றால் அதே பொருள் மறுபடி ஏலத்துக்கு வரும். நாற்காலிகளை மொத்தமாக எடுக்க ஒரு லாட்ஜ்காரர் வந்திருந்தார். வெந்நீர் அடுப்புக்கு நன்றாக எரியும் என்று அவர் யாரிடமோ சொன்னது நம் காதில் விழுந்தது. அவ்வளவுதான், நீ கூட்டத்தின் நடுவிலிருந்து கத்தினாய்: "அண்ணே, ஒண்ணொண்ணா விடுங்க! ஒவ்வொண்ணுலயும் ஒரு புள்ள உக்காந்திருந்திச்சு!"

ஏலம் போட்டவர் கோயில்பிள்ளை அண்ணன். அவர் ஆலயத்துப் போதகரான ஐயரைப் பார்த்தார், ஐயர் தலையசைத்தார். முதலில் பஸ் படம் போட்ட நாற்காலி வந்தது. நம் சபையைச் சேராததால் ஆலய கேட்டோடு நின்று பிள்ளையை விட்டுப் போகும் முருகாயி, அந்த நாற்காலியில் உட்காரும் மகன் செல்வத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, முந்தானை முடிச்சில் இருந்த சில்லறைக்குக் கேட்டாள். லாட்ஜ்காரர் வாயைத் திறந்தார். அவர் சம்சாரம் கோட்டைப் பிடித்து இழுத்து, "பேசாம இருங்க, பெத்தவ கேக்குறா" என்றார். அதற்கு மேல் யாரும் கூட்டிக் கேட்கவில்லை.

"வீட்டுக்கா, ஆலயத்துக்கா?" என்றார் அண்ணன். இந்த வழக்கமெல்லாம் முருகாயிக்கு எப்படித் தெரியும்? பேந்தப் பேந்த விழித்தாள்.

"டீச்சருக்குங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "யம்மா, அப்பிடி ஒரு கணக்கே கெடையாதும்மா" என்றார் அண்ணன்.

"வீட்டுல வச்சு நான் என்னத்தச் செய்ய? டீச்சர்ட்ட இருந்தாத்தானங்க எம்புள்ள உக்காரும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சரியாத்தான சொல்றாங்க, டீச்சருக்கே குடுங்க" என்றார். அப்புறம் கேட்க வேண்டுமா? கேரட்டு டீச்சருக்கு, குடை டீச்சருக்கு! டை கட்டிய பிள்ளைகளின் தாய்மார்கள்கூட எடுத்துக் கொடுத்தார்கள். கடைசியில் லாட்ஜ்காரரே உன் பன்றிக் கோழியை எடுத்துவிட்டு, சம்சாரத்தை ஓரக்கண்ணால் பார்த்து "டீச்சருக்கு" என்று முனகினார். நீ கண்ணீரும் சிரிப்புமாக நின்றாய்.

பெரிய நாற்காலி ஒன்றுதான் மிச்சம். நாம் இரண்டு பேரும் அடித்துக்கொண்டு உட்காருவோமே, அதுதான். அதை நீயே கேட்டாய். "இது வீட்டுக்கா, ஆலயத்துக்கா, டீச்சருக்கா?" என்று அண்ணன் கிண்டல் செய்தார்.

"மூணுக்கும் இல்லண்ணே. இந்தா நிக்கிறாளே, இவளுக்கு."

"ஏய், நாளைக்கு நான் நர்சரில போய்ச் சேரணும்டி" என்றேன்.

"போய்ச் சேந்துக்க. இப்ப இதத் தூக்கு."

தூக்கினேன். வேறென்ன செய்ய? பிள்ளைகள் ஆளுக்கொரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். மேடேறும் ரோட்டில் நம் ஊர்வலம். கால் வலித்த பிள்ளை நாற்காலியை இறக்கி, நட்ட நடு ரோட்டிலேயே உட்கார்ந்துகொண்டது. ஒன்றைப் பார்த்து ஒன்று, எல்லாமே உட்கார்ந்துவிட்டன. வத்தலக்குண்டிலிருந்து ஏறி வந்த பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. கண்டக்டர் இறங்கி வந்தார். "ஏலே, ரோட்டுலயா ஸ்கூலு?"

"இன்னைக்கு இங்கதான்" என்றாய் நீ. "வெரசா போகணும்னா நீங்களும் ஒண்ணத் தூக்குங்க."

திட்டிக்கொண்டேதான் தூக்கினார். பயணிகளும் இறங்கினார்கள். பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்த ஒரு குடும்பமே ஆளுக்கொரு நாற்காலியோடு கொட்டகை வரை வந்தது. அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை வெள்ளனே புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போகத்தான் கிளம்பினேன். பாதை பிரியும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மேலே உன் கொட்டகையில் பிள்ளைகள் போட்ட கூச்சல் அங்கேயே கேட்டது. மேட்டில் ஏறிவிட்டேன். "வா, அடுப்பு எரிய மாட்டேங்குது" என்றாய். ஜெபம் முடிவதற்குள் செல்வம் என் புதுச் சேலையில் மூக்கைத் துடைத்துவிட்டான். எனக்குக் கோபமே வரவில்லை. எத்தனையோ பிள்ளைகள் அந்த ஈரத் தரையில் கால் படாமல் உட்கார்ந்து வளர்ந்தார்கள். ஊருக்குள் பால்வாடி வந்த பிறகுதான் கொட்டகையைப் பூட்டினோம், அதுவும் பாயசம் வைத்துக் குடித்துவிட்டு.

நீ போன பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கடைவீதியில் நரைத்த மீசைக்காரன் எவனாவது "டீச்சர்!" என்று கத்துவான். முன்பென்றால் நாம் இரண்டு பேரும் திரும்புவோம். இப்போது நான் ஒருத்திதான் திரும்பி "என்னடா?" என்கிறேன். கொஞ்சம் பொறுத்து, உனக்காக இன்னொரு தடவை "என்னடா?" என்கிறேன். கிழவிக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் இரண்டு தடவை பதில் சொல்கிறார்கள்.