பாக்கியத்தின் கண்ணைத் திருத்த வந்தவர்கள்

அன்புத் தங்கச்சி பாக்கியம்,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் புருஷன் வீட்டார் உன்னை விடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். திட்டு வரும் இடத்தில் அவள் பேனா நின்றுவிடுகிறது. "எழுதும்மா, பேப்பர்ல வரட்டும், பாக்கியம் புருஷன் படிக்கட்டும்" என்கிறேன்.

உன் மகன் குமரனுக்குக் கிள்ளானில் கல்யாணம். மணவறை ஏறும் முன் அவன் உன் படத்தைக் கும்பிட வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு உன் நாத்தனார் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்கே வந்தாள். பார்த்தேன். உன் சேலை, உன் மூக்குத்தி. கண் மட்டும் யாருடையதோ.

"கம்ப்யூட்டர்ல கண்ண சின்னதாக்கிட்டோம் அண்ணே. அழகா இருக்குல்ல? நல்ல காரியத்துல அந்த முழி வேணாம் லா."

எனக்கு எதுவும் மறக்காது பாக்கியம். தன் பேரக்குழந்தையின் பெயர் சூட்டு விழாவில் நீ கை நீட்டியபோது பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டவள் அவள். "வயித்தெரிச்சல் புடிச்சவ, அதான் கண்ணு பிதுங்குது" என்று சமையற்கட்டில் சொன்னவளும் அவள்தான். அன்றிலிருந்து நீ வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டாய். ஏன் போட்டாய்? ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்திருக்கக் கூடாதா? உன் மேலும் எனக்குக் கோபம்தான்.

இப்போது நான் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிறேன். உனக்கு வந்த நோயை அங்கே எலிகளுக்கு வரவைக்கிறார்கள். எல்லாம் பெண் எலிகள். காலில் ஊசி போட்டு லேசாகக் கரண்டு கொடுக்கிறார்கள். அதன் பிறகு எலியின் உடம்பே தன் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைக் கிளப்பிவிடுகிறது. உனக்கு அடித்துக்கொண்ட மாதிரியே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சிலவற்றுக்குக் கண்ணின் பின்னால் சதை வீங்குகிறது. எல்லாவற்றுக்கும் இல்லை. கூண்டும் ஒன்று, தீனியும் ஒன்று, ஊசியும் ஒன்று.

அங்குள்ள டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "ஏன்மா ஒண்ணுக்கு வருது, பக்கத்துல உள்ளதுக்கு வரல?"

"அதத்தான் அங்கிள் தேடிக்கிட்டிருக்கோம்."

"வராதது நல்ல எலி, வந்தது பொறாமை புடிச்ச எலியோ?"

சிரித்தாள். உன் கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "வீட்ல யாராச்சும் சிகரெட் புடிச்சாங்களா அங்கிள்? புகை இந்தக் கண்ணுக்கு ஆகாது" என்றாள்.

சன்னலைக்கூடத் திறக்காமல் ஹாலில் உட்கார்ந்து ஊதித் தள்ளினானே உன் புருஷன்! உனக்குத் திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் உடைத்தான்; தன் வாயில் இருந்ததை எடுத்தானா?

நாத்தனாரிடம் இதையெல்லாம் சொன்னேன். "எலியையும் எங்க பாக்கியத்தையும் ஒண்ணா வைக்கிறீங்களே அண்ணே" என்று என்னையே மடக்கினாள்.

"கூட இருக்கிற எலி எதுவும் அதப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கலம்மா" என்றேன். "அவ படம் அவ கண்ணோட வரணும். இல்லேன்னா தாய்மாமன் மாலை போட வேற ஆளப் பாருங்க."

அவள் முகம் செத்துவிட்டது. தாய்மாமன் மாலை விழாமல் அவர்கள் வீட்டில் எந்த மாப்பிள்ளை மணவறை ஏறினான்? உன் புருஷன் போனில் கத்தினான்: "மச்சான், கல்யாணத்தக் கெடுக்காதீங்க!" நானும் கத்தினேன். பிறகு போன் கை மாறியது. குமரன்.

"மாமா, கண்ணாடி இல்லாத, கண்ண மாத்தாத படம் உங்ககிட்ட இருக்கா? எனக்கு அம்மா அப்படித்தான் ஞாபகம்."

இருக்கிறது. கேரி தீவில் அத்தை வீட்டில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாயே, அந்தப் படம். பெரிதாக்கக் கொடுத்திருக்கிறேன். "கண்ண கொஞ்சம் சரி பண்ணவா பாஸ்?" என்று கேட்டான் கடைக்காரன். அவனுக்கும் என்னிடம் திட்டு கிடைத்தது.

கல்யாணத்தன்று படத்தை நானே தூக்கிக்கொண்டு போய் வைப்பேன். உன் நாத்தனார் எதிரில் நின்று பார்க்கட்டும். உன் மகன் உன் கண்ணைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் என் கை மாலையைத் தொடும். இது சத்தியம், தங்கச்சி.

உன் கூடப் பிறந்தவன்,
குமரனின் தாய்மாமன்