பாதி விலை ஃபிரிட்ஜ்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நாலு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாயே, அப்போது கூடத்தில் இருந்தவர்கள் நான், உன் அண்ணன், அண்ணி, பேத்தி, திரைச்சீலை தைக்க அளவெடுக்க வந்த கீழ்வீட்டுத் தையல்காரி. படிப்புத்தான் எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றது, ஞாபகம் நின்றுவிடவில்லை.

அந்தப் பெரிய கடையை மூடிவிட்டார்கள், உனக்குத் தெரியாத செய்தியா. கடைசி வாரம் அலமாரிக்குக்கூட விலை ஒட்டி விற்றார்கள், பதினாறு வருஷம் உன் அண்ணன் சாமான் அடுக்கின அலமாரி, கழற்றி வண்டியில் ஏற்றியதும் அவன்தான். அந்த ஒரு கடை வந்ததில் நம் தெருவில் ஒன்பது கடை போனது, இப்போது அதுவும் போய் ஒரு சோப்புக் கட்டிக்கு இரண்டு பஸ் மாறுகிறேன், அந்த பஸ்ஸையும் ஆளில்லை என்று குறைத்துவிட்டார்கள். தையல்காரி, "கடைப் பொண்ணுங்க யூனிஃபார்ம்தான்க்கா எனக்கு சோறு போட்டுச்சு, இனிமே நானே தச்சு நானே போட்டுக்க வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்துகிறாள். அண்ணன் இன்னமும் ஏழு மணிக்குக் குளித்துக் கிளம்புகிறான். போகிற இடத்திலெல்லாம், "சின்னப் பசங்களே வரிசையில நிக்கிறாங்கண்ணே" என்கிறார்களாம். நாற்பத்தாறு வயசு. பேத்திக்கு அடுத்த வருஷம் காலேஜ். அண்ணி இரண்டு பால் பாக்கெட்டை ஒன்றாக்கிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சட்டைப்பையில் பஸ் டிப்போ வேலைக்கான கடிதம் இருந்தது, போகவா வேண்டாமா என்று எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் நீ கூப்பிட்டாய். "ஃபிரிட்ஜ் இப்ப வாங்காதம்மா, நாலு மாசம் பொறு, நம்ம கடையிலயே பாதி விலைக்குக் கிடைக்கும்" என்றாய். டிப்போ விஷயத்தை நான் சொன்னேன். "அது அண்ணன் இஷ்டம்மா" என்று வைத்துவிட்டாய். மறுநாள் அவன், "இவ்ளோ பெரிய கடைய விட்டுட்டு யாராவது டிப்போவுக்குப் போவாங்களா" என்று வேண்டாமென எழுதிக் கொடுத்தான்.

நீ அந்தக் கடையின் தலைமை ஆபீஸில் இருந்தவன். மூடுகிற சேதி வெளியே வருவதற்கு ஒரு மாதம் முன்பே வேறு கம்பெனிக்கு மாறிக்கொண்டாய். ஆபீஸ் ரகசியம், வெளியே சொல்லக் கூடாது என்பாய். ஃபிரிட்ஜுக்கு மட்டும் ரகசியம் கிடையாதா?

ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. கடைசி நாள் அவன்தான் தோளில் சுமந்து மாடி ஏற்றினான், "ரொம்ப நாளா கேட்டியேம்மா" என்று. பாதி விலைதான், நீ சொன்ன கணக்குத் தப்பவில்லை. அட்டையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். ஏன் என்கிறான், பழசே ஓடுகிறதே என்கிறேன். போனில் என் காதில் மட்டும் விழுந்த உன் பேச்சை அவனிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உங்கள் இருவரையும் முகம் பார்க்காதவர்களாக விட்டுவிட்டு நான் போக முடியாது. போனில் நீயும் உளறிவிடாதே.

உன் கம்பெனியில் அவனுக்கு ஒரு வழி பார், நீயாகச் செய்த மாதிரி இருக்கட்டும். பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று எழுது. வேளைக்குச் சாப்பிடு. மூவரும் நூறு வயது இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறேன், அதில் குறை வைக்க மாட்டேன். உன் பெரியப்பாவோடு இருபத்தொன்பது வருஷம் பேசாமல் இருந்தவள் நான், அவரைக்கூட விட்டுவிட்டேன். கடை முதலாளியையும் விட்டுவிட்டேன், அவர் யாரோ நான் யாரோ. மன்னிக்க முடியாதவன் ஒருவன்தான், என் சின்னவன்.

இப்படிக்கு,
உன் அம்மா