பின்பக்கம் அறுத்த ஷூ

தம்பி,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கிளியனூர் வியாபாரிக்கு உப்பு ஏற்றிக்கொண்டிருந்தவன், மார்பைப் பிடித்துக்கொண்டு லாரி நிழலில் உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உனக்கு நாற்பத்தொன்று. அப்பா உப்புப் பாத்தியில் விழுந்து இறந்தபோதும் ஏறக்குறைய இதே வயதுதான். வெயில் என்றார்கள், நாமும் நம்பினோம்.

உன் கறுப்பு ஷூ போன மாதம் கிடங்கில் கிடைத்தது. தூக்கிப்போட மனம் வராமல் என் மேஜைக்கு அடியில் வைத்திருக்கிறேன். புது ஷூவைப் பிளேடால் பின்பக்கம் அறுத்துப் போட்டுக்கொண்டவன் இந்த ஊரில் நீ ஒருவன்தான். குதிகாலுக்கு மேலே உனக்கு நரம்பு கயிறு மாதிரித் தடித்திருக்கும். அப்பாவுக்கும் அப்படித்தான். வெறுங்காலோடு உப்பு வாரியவன் கால் அப்படித்தான் இருக்கும் என்று நாமே சொல்லிக்கொண்டோம்.

நாம் வியாபாரம் தொடங்கிய முதல் வருஷம் ஞாபகம் இருக்கிறதா? திண்டிவனத்துக் கடைக்காரர் ஒரு மூட்டை கசிகிறது என்று திருப்பி அனுப்பினார். நான் பயந்துபோய் கிடங்கு முழுவதையும் பிரிக்கச் சொன்னேன். நீ சிரித்தாய்.

"அத்தனையும் பிரிச்சா கூலி கட்டுமாண்ணா? ஒண்ணையும் பிரிக்காம அனுப்புனா பேர் போயிடும். கசிஞ்ச மூட்டை எந்தப் பாத்தி? அந்தப் பாத்தி மூட்டைய மட்டும் பிரி."

அன்றிலிருந்து இன்றுவரை நம் கிடங்கில் அதுதான் சட்டம்.

போன வருஷம் சர்க்கரை பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். ரத்தத்தில் கொழுப்பு ஏகத்துக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா என் குதிகாலையும் தொட்டுப் பார்த்தார். "இங்க நரம்பு தடிச்சிருக்கறதும் அந்தக் கொழுப்புதான், விட்டா நெஞ்சை அடைச்சிடும். இது உங்க அப்பா வழியா வந்திருக்கும். ஊருக்கே டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லல. உங்க கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க, அவங்கள மட்டும் கூட்டிட்டு வாங்க. செலவு பெருசா ஆகாது" என்றார். நீ சொன்ன அதே சட்டம். எனக்குத்தான் உறைக்கவில்லை.

உன்னிடம் சொன்னேன். "எப்பண்ணா போலாம்?" என்று கேட்டாய். நீ கேட்டாய், தம்பி. நான்தான் கணக்குப் போட்டேன். சீசன் நேரம், உனக்கு ஒரு வேளை வேலை கெடும், மூட்டை தூக்குகிற உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று. "நல்லா இருக்கிற சரக்கை எதுக்குடா பிரிக்கணும்? மழை வரட்டும், பாத்துக்கலாம்" என்றேன். மழை வந்தது. நீ இல்லை.

இனி உன் மகள் விஷயம். புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். மேஜைக்கடியில் இருந்த உன் ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் பின்னாடி உறுத்துது பெரியப்பா. அப்பா மாதிரி அறுத்துடலாமா?" என்றாள். அவள் குதிகாலைப் பார்த்தேன். அதே கயிறு. ஒருநாள்கூட உப்பில் கால் வைக்காத பிள்ளை.

மறுநாளே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதும் அவள் அம்மா தடுத்தாள். "கல்யாணத்துக்கு நிக்கப் போற பொண்ணு, மாமா. சீக்குன்னு பேர் ஆயிடும்."

"பேருக்குப் பயந்துதாம்மா பிரிச்சுப் பாக்கணும்" என்றேன். அவள் அழுதாளே தவிர, அதன்பிறகு தடுக்கவில்லை.

அவள் ரத்தத்திலும் அதே கொழுப்பு இருந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் உன் மகள் கேட்டாள்: "அப்பாவுக்கு ஏன் இத எடுக்கல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அவன் வர்றேன்னுதான் சொன்னான். நான்தான் வேணாம்னேன்."

பஸ் கூனிமேடு தாண்டும்போது அவள் மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "நீங்க மாத்திரை போடுறீங்களா?" என்றாள்.

"ஒரு மாசம் போட்டேன். விட்டுட்டேன்."

"அப்ப எனக்கும் வேணாம்."

பேரம் பேசுவதில் அவள் உன்னைப் போல, தம்பி. என்னால் குறைக்க முடியவில்லை. முடிவான பேச்சு இது: தினமும் காலை ஆறரைக்கு அவள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்வாள். நான் மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்று சொன்ன பிறகு அவள் விழுங்குவாள். அதுவரை இங்கே ஒரு மூட்டையும் லாரி ஏறாது.