நீ கட்டிய குழாய்க் கூடு

மச்சான்,

இன்று காலை பக்கத்து வளவில் யாரோ இரும்புக் குழாய் அறுத்தார்கள். சூடேறிய இரும்பும் எண்ணெயும் கலந்த மணம் வேலிக்கு மேலால் வந்தது. குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீயை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து கடல் பக்கம் பார்த்தேன். "என்ன மாமா, கடலுக்கு என்ன?" என்று உன் மகள் கேட்டாள். அவளிடம்தான் இந்த மடலை எழுதச் சொல்லியிருக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அவள் இப்போது டீச்சர். என் கதையைத் திருத்தித் திருத்தித்தான் எழுதுகிறாள்.

சுனாமியில் கடல் வந்து போன பிறகு எல்லாரும் கடலுக்குப் பயந்தார்கள். உன் மனைவி, என் தங்கச்சி, சுவருக்குப் பயந்தாள். உங்கள் மூத்த பிள்ளையைக் கொன்றது தண்ணீர் அல்ல, இடிந்து விழுந்த குசினிச் சுவர். அதற்குப் பிறகு அவள் எந்தக் கூரைக்குக் கீழும் போகவில்லை. முகாமில் தந்த கூடாரத்துக்குள்ளும் வராமல், கைக்குழந்தையோடு வேப்பமரத்தடியில் கிடந்தாள். மழை தொடங்கியது. பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி இழுத்தது.

"இந்தப் பிள்ளையும் போயிரும் தங்கச்சி, உள்ளுக்கு வா" என்று நான் சத்தம் போட்டேன்.

"உள்ளுக்கு இருந்த பிள்ளதானே காக்கா போனது" என்று அண்ணன் என்னிடம் கேட்டாள்.

நான் ஒரு சாக்கை விரித்து அவர்களுக்கு மேலே பிடித்தேன்.

மருந்து கொடுக்க வந்த வெளிநாட்டார் ஒரு கூடாரம் கட்டியிருந்தார்களே, நினைவிருக்கிறதா? தூணும் இல்லை, சுவரும் இல்லை. குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பூட்டி, கவிழ்த்த சட்டியைப் போல நிறுத்தி, மேலே துணி போர்த்தியிருந்தார்கள். பிள்ளைக்கு மருந்தெடுக்க நின்ற நீ, மருந்தை மறந்துவிட்டு நூலால் குழாய்களை அளந்துகொண்டிருந்தாய். இரும்புக் கேட்டும் கட்டிலும் செய்து பழகிய கை.

"ரெண்டே ரெண்டு நீளம்தான் மச்சான். விழுறதுக்கு இதுல சுவரே இல்ல. இதுக்குள்ள அவள் வருவாள்" என்றாய்.

பாலமுனையில் உன் கூட்டாளியின் பட்டறையில் குழாய்களை அறுத்து, முனைகளை அடித்துத் தட்டையாக்கி, துளை போட்டோம். எனக்காக நீளக் குழாய்க்குச் சிவப்பும் கட்டைக் குழாய்க்குப் பச்சையும் பூசினாய். லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது செக்பொயின்டில் மறித்தார்கள். இரண்டு முனையும் மூடிய இரும்புக் குழாய் ஒரு பெட்டி நிறைய! அதைப் பார்த்தால் ஆமிக்காரனுக்குக் குண்டென்றுதான் தோன்றும் என்று பட்டறையில் நம் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. அவன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினான். எனக்குச் சாரத்துக்குள் சூடாக இறங்கிவிட்டது.

"கெயக் மாத்தயா, வீடு, வீடு" என்றாய் நீ, தெரிந்த சிங்களத்தில்.

பூட்டிக் காட்டச் சொன்னான். மூன்று குழாயை முக்கோணமாகப் பூட்டினாய். சப்பாத்துக் காலால் ஓங்கி மிதித்தான். அசையவில்லை. இந்த வீட்டில் நாய்தான் படுக்கும் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்த வளைவு திரும்பியதும் வண்டியை நிறுத்தி, வயல் வரம்பில் குந்தி இருந்து தின்றதையெல்லாம் சத்தி எடுத்தாய்.

முகாமுக்குப் பின்னால் இருந்த வெறும் வளவில் கூடு எழும்பியது. "ஒரு நட்டையும் முடுக்கிப் போடாத, கையால திருகி உடு, போதும்" என்று நூறு தரம் சொன்னாய். முன்கூட்டியே இறுக்கினால் கடைசிக் குழாய்க்குத் துளை நேரே வராதாம். எல்லாம் ஏறி முடியும் வரைக்கும் எல்லாம் ஆட வேண்டுமாம். கடைசிக் குழாய் ஏறியது ஒரு பகல், லுஹர்த் தொழுகை நேரம். தொழுதுவிட்டு, சோறு தின்றுவிட்டு வந்து எல்லாவற்றையும் இறுக்குவோம் என்றாய்.

சோற்றில் கை வைத்தபோதுதான் "கடல் வருது!" என்று கத்தினார்கள்.

யார் முதலில் கத்தியது என்று இன்றுவரைக்கும் தெரியாது. சனம் முழுக்கக் கடலை விட்டு நாவிதன்வெளிப் பக்கம் ஓடியது. நாம் கூட்டுக்கு ஓடி வந்தபோது, ஓட முடியாத ஆட்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கால் ஏலாத மாமி ஒருத்தி, அவளைத் தள்ளி ஏற்றும் பருத்த கடை முதலாளி, அவருக்கு மேலே வேறு பெண்கள். எல்லாருக்கும் மேலே, உச்சியில், பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு என் தங்கச்சி.

"எறங்குங்க! நட்டெல்லாம் லூசு!" என்று கத்தினாய்.

"கடல் வருதாம், இவர் நட்டப் பத்திக் கதைக்கார்!" என்றார் முதலாளி, இறங்காமலே.

கூடு முனகியது. குழாய்கள் சந்திக்கும் ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியாக அசைந்தது. நீ உள்ளே நுழைந்து ஸ்பனரைப் போட்டாய். நட்டில் அது நிற்கவில்லை.

"மச்சான், என்ட மணிக்கட்டப் புடி. இறுக்கிப் புடி."

பிடித்தேன். தைரியத்தில் நின்றேன் என்று நினைத்துவிடாதே. ஓடத்தான் நினைத்தேன். நான் பிடிக்க நீ முடுக்கினாய். ஒரு முடிச்சு, அடுத்த முடிச்சு. மேலேயிருந்து யாருடைய செருப்போ உன் தலையில் விழுந்தது. நீ ஸலவாத்துச் சொல்லிக்கொண்டே, நடுவில் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"சுவருக்குத் தப்பினவள என்ட குழாய் கொன்று போட்ருமோ மச்சான்?"

கடல் வருகிறதா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே அவளுடைய பாதங்களை மட்டும் பார்த்தேன்.

கடல் வரவில்லை. பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ஓடிய சனம் சேற்றுக் காலோடு திரும்பி வந்தது. மற்றவர்கள் வெளிப்பக்கமாக இறங்கினார்கள். "நல்ல இரும்பு, முதலாளி. உங்களையே தாங்கிட்டுதே" என்று மாமி அவரைக் கிண்டலடித்தாள். தங்கச்சி மட்டும் குழாய்களைப் பிடித்துப் பிடித்து உட்பக்கமாக இறங்கினாள். நடு மணலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு குந்தினாள். அண்ணாந்து பார்த்தாள். எழும்பி வெளியே போகவில்லை.

"இதுல சுவர் இல்லத்தானே" என்றாள்.

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு உச்சிக்கு ஏறினாய், கீழேயிருந்து எட்டாத அந்த ஒரு முடிச்சை இறுக்க. நானும் ஸ்பனர் தர ஏறினேன். அங்கே ஐந்து குழாயின் முனைகளும் ஒரே போல்ட்டில் கோத்திருந்தன. போல்ட்டில் நட் இல்லை. ஆடின ஆட்டத்தில் கழன்று எங்கோ மணலில் விழுந்திருக்கிறது. முனைகள் திருகுப் புரியின் கடைசி விளிம்பில் தொங்கின. இவ்வளவு நேரமும் அவள் பிள்ளையோடு இருந்தது அந்த இடத்தில்தான்.

"என்ன மேல?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"ஒண்டுமில்ல, நீ இரி" என்றாய். சாரத்து மடிப்பிலிருந்து வேறொரு நட்டை எடுத்துப் போட்டாய். பிறகு என் காதுக்குள் சொன்னாய்: "இத அவளுக்கிட்டக் கதைக்காத. மறுகா எதுக்குள்ளயும் வரமாட்டாள்."

மேலே மழைக்குத் தறப்பாளைக் கட்டினோம். பிள்ளையின் இழுப்பு அடங்கியது. அந்த வளவிலேயே கல்வீடு கிடைத்த பிறகும் அவள் சமைத்தது மட்டும்தான் அங்கே, படுத்தது இந்தக் கூட்டுக்குள்தான். நீ ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்கு முன் ஏறி உச்சியைத் தொட்டுப் பார்ப்பாய். சண்டை முடிந்தது என்று தெருவில் வெடி கொளுத்திய பகலில், நான் பயந்துபோய் மணலில் குப்புற விழுந்தேன். நீ விழவில்லை. அண்ணாந்து அந்த போல்ட்டைத்தான் பார்த்தாய்.

அதற்கு அடுத்த மாரிக்குள் நெஞ்சு வலி வந்து நீ மௌத்தாகிவிட்டாய். உச்சி என் வேலையானது.

"இந்த வயசில என்னத்துக்கு காக்கா குரங்கு மாதிரி ஏறுறீங்க?" என்று தங்கச்சி ஏசுவாள்.

"துருப் பிடிச்சிரிக்கா எண்டு பாக்குறன்" என்பேன். தறப்பாளை விலக்கி, விரலால் நட்டைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு வெள்ளிகூட அது இளகியிருந்ததில்லை. ஒரு வெள்ளிகூட நான் பயப்படாமல் ஏறியதும் இல்லை.

போன நோன்புக்கு முன் அவளும் உன்னிடம் வந்துவிட்டாள். தூக்கத்திலேயே, அந்தக் கூட்டுக்குள்ளேயே. ஒன்றும் அவள் மேல் விழவில்லை மச்சான். இதை உனக்குச் சொல்லத்தான் இந்த மடல். இனி மறைக்க ஆளில்லை, வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பயம் என்னை விட்டு இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. மேலே பார்த்தால் இன்னும் அந்தப் பாதங்கள்தான் தெரிகின்றன.

உன் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். இனி வருவதை உனக்கு வாயால்தான் சொல்கிறேன்.

"அந்தப் பிள்ள நான்தானே மாமா?" என்கிறாள்.

"ஓம் மகள்."

குனிந்து, தன் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று பார்க்கிறாள்.