சூசையப்பரின் முதுகைப் பார்த்தவர்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, சமதரையில் வாயைத் திறப்பதில்லை. நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் போன வாரம் போனில் மூன்று முறை தும்மினாய், ஆகவே அந்த வரியை நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்தச் செய்தியையும் போனிலேயே சொல்லியிருக்கலாம், அப்பா நடுவில் புகுந்து முடிவை முதலில் சொல்லிவிடுவார் என்பதால் எழுதுகிறேன்.

உன் பழைய விடுதிப் பள்ளிக்கு அடுத்த மாதம் நூறு வயது. அதன் வரலாற்றை நூலாக எழுதித் தரும்படி ரெக்டர் ஃபாதர் என்னைக் கேட்டார். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள், பழைய மாணவனின் தாய், போதாக்குறைக்கு ஞாயிறு பூசைக்கு வராதவள், அதனால் அன்றைக்குச் சும்மாதானே இருப்பாள் என்று முடிவு கட்டியிருக்கிறார். நான்கு மாதமாகப் பள்ளிக் கோயிலின் பின்னறையில், பூசை அங்கிகள் தொங்கும் அலமாரிக்கும் உடைந்த ஹார்மோனியத்துக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆரம்ப காலத்துக் குருக்கள் எல்லாரும் புகைப்படத்தில் ஒரே தாடி வைத்திருக்கிறார்கள், யார் எவர் என்று பிரிப்பதற்கே ஒரு மாதம் போயிற்று. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பூட்டுக்காரர் வரும்வரை.

கடைத்தெரு முனையில் சாவி வெட்டுகிறாரே, நம் பின்கதவுப் பூட்டைச் சரிசெய்து தந்தவர், அவரேதான். ஒவ்வொரு வருடமும் பழைய மாணவர் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்காருவாராம். சங்கச் செயலாளரான வக்கீல் வாசலிலேயே மடக்கி, அண்ணே, பதிவேட்டுல உங்க பேரு இல்ல, சாப்பிட வந்தா தாராளமா சாப்பிட்டுப் போங்க, இங்க படிச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க என்பாராம். நூலின் கடைசியில் மாணவர் பட்டியல் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு என்னிடம் வந்தார். ரெண்டு வருஷம் படிச்சேன் டீச்சரம்மா, அதுல என் பேரு வரணும், மருமகன் ஒருநாள் கேட்டுட்டுச் சிரிச்சுட்டான், அதான் என்றார். மனிதர் கெஞ்சவில்லை, சொல்லிவிட்டு நின்றார்.

உனக்குத்தான் என் குணம் தெரியுமே, கேள்வி கேட்காமல் எதையும் நம்பமாட்டேன். ரெக்டரையும் வக்கீலையும் வைத்துக்கொண்டு அவரை விசாரித்தேன். மணி எத்தனை தடவை அடிக்கும், குளியல் தொட்டி எங்கே என்றெல்லாம் சரியாகச் சொன்னார், ஆனால் அதெல்லாம் பால்காரருக்கும் தெரியும். முற்றத்துச் சூசையப்பர் சிலை எந்தப் பக்கம் பார்க்கும் என்று கேட்டேன். எங்க பார்ப்பாரு, கேட்டைத்தான் பார்ப்பாரு, படிப்பு அறையில உக்காந்தா எங்களுக்கு அவரு முதுகுதான் என்றார். வக்கீல் மேசையைத் தட்டிச் சிரித்தார். எட்டு வருஷம் இருந்தேன் மேடம், எட்டு வருஷமும் அந்த மனுஷன் என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு நின்னாரு, ஒரு மிட்டாயை நிம்மதியா வாயில போட முடிஞ்சதில்ல என்றார். நீயும் அந்தப் பார்வைக்குப் பயந்து ஜன்னலோர பெஞ்சில் உட்கார மாட்டேன் என்றவன்தானே. பூட்டுக்காரர் பெயருக்கு நேரே இல்லை என்று எழுதிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் குருக்களின் தினக்குறிப்பில் நாற்பத்தேழு வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கம் கண்ணில் பட்டது. இந்த மாதத்தில் நான்காவது பையனும் வாசல் வழியே போய்விட்டான், தபால்காரர் மகன், வந்து பத்தொன்பது நாள். சூசையப்பர் வாசலைப் பார்த்து நின்றும் பயனில்லை, போகிறவர்களை வழியனுப்பி வைக்கிறார் போலும், நாளை கொத்தனாரை அழைத்து அவரைப் படிப்பு அறைப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. பூட்டுக்காரரின் தகப்பனார் தபால்காரர், விசாரணையில் அவரே சொல்லியிருந்தார். வக்கீல் சேர்ந்ததோ அதற்கு அடுத்த வருடம். நான் பொய் என்று முடிவு செய்த ஒரே பதில்தான் அவர் அங்கே இருந்ததற்குச் சாட்சி. சிலை நின்ற பக்கம் தெருவில் போனவருக்கும் தெரிந்திருக்குமே என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன், அதனால்தான் சேர்க்கைப் பதிவேட்டைத் திரும்ப எடுத்தேன். ஒவ்வொரு வருடத்திலும் மூன்று நான்கு வரி அழித்த தடமாக இருந்தது. ரெக்டர் எட்டிப் பார்த்து, அது அந்தக் காலத்து வழக்கம் மேடம், புதுப் பையன் ஒரு மாசம் தாக்குப் பிடிச்சாத்தான் மை, அதுவரைக்கும் பென்சில், ஓடிட்டா ரப்பர் என்றார். அந்த வருடத்துத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பூட்டுக்காரரின் பெயரும் தகப்பன் தொழிலும் பென்சில் அழுத்திய பள்ளமாகத் தெரிந்தன.

ஆனால் இரண்டு வருடம் இல்லையே, பத்தொன்பது நாள்தானே. அதை அவரிடம் எப்படிச் சொல்வது. கடைக்குப் போனால் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து சாவிகளை வளையத்தில் கோர்த்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். அவர் அரத்தைக் கீழே வைத்தார். பத்தொம்பதா, எனக்கு ரெண்டு வருஷமாட்டம் இருந்துச்சே டீச்சரம்மா என்றார். மனைவி தலையைத் தூக்காமலே, பத்தொம்பது நாளுக்கா முப்பது வருஷமா என் காதைத் துளைச்சீங்க என்றார். மூவருமே சிரித்துவிட்டோம். பிறகு அவர், உள்ளதையே போடுங்க, மருமகன் சிரிச்சா சிரிக்கட்டும், இல்லவே இல்லேன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல என்றார்.

ஆகவே பென்சில் மாணவர்கள் என்று தனிப் பட்டியலே போட்டுவிட்டேன். பெயர் படிக்க முடிந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர் தேறினார்கள். ஒருவன் காலையில் வந்து மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறான், அவனுக்கு அரை நாள். ஓடிப்போனவங்களுக்கெல்லாம் பட்டியல்னா இருந்த நாங்க என்ன முட்டாளா என்று வக்கீல் குதித்தார். ரெக்டர், அதை எப்படி வக்கீல் சார் நான் சொல்றது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பட்டியல் அச்சுக்குப் போய்விட்டது.

பல் வைத்தியரிடம் போவதை இன்னும் தள்ளிப் போடாதே. அப்பா தன் ஆசியைத் தனியாகச் சொல்லச் சொன்னார், என்னுடையது எப்போதும் உண்டு, நன்றாக இரு. மறக்காமல் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அப்பாவின் இடமாற்றங்களும் என் ஆராய்ச்சியும் சேர்ந்து உன்னைப் பத்து வயதில் அங்கே கொண்டுபோய் விட்டோம். நீ வாசலில் திரும்பியே பார்க்கவில்லை, பையன் தைரியசாலி என்று பஸ்ஸில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்க்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பது பூட்டுக்காரர் கடையிலிருந்து வரும்போதுதான் உறைத்தது. உன் முதல் மாதம் உனக்கு எத்தனை வருஷமாக இருந்தது? அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றால் கல்லூரி முகவரிக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா