சிவம் பிடித்த குடை

சனிக்கிழமை, இரவு.

மகள் வீட்டுப் பெரிய பேத்தி மருத்துவம் முடித்து நோர்வேயின் வடகோடியில் ஹம்மர்பெஸ்டில் வேலை தொடங்கிவிட்டாள். அவளுடைய தம்பிக்குச் சட்டம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கடைக்குட்டி நீச்சலில் வெள்ளிப் பதக்கம் வாங்கினாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் நித்திரை வரவில்லை.

இன்றைக்கும் இங்கே குறொன்லாண்ட் பகுதித் தமிழ்க்கடை வாசலில் கையெழுத்து வாங்கினோம். இலங்கையில் சனாதிபதிமேல் வழக்குப் போட விடாத சட்டத்தைத் திருத்தச் சொல்லித்தான். காணாமற்போன என் மகன் ரவியின் படம் என் கழுத்தில் தொங்கியது. வருபவர்களின் சாமான் பையை நான் வாங்கி வைத்துக்கொள்வேன். கையெழுத்துப் போட்டால்தான் பை திரும்பக் கிடைக்கும். சிரித்துக்கொண்டே போடுவார்கள்.

எங்கள் மேல்வீட்டுச் சிவம் மட்டும் பேனையைத் தொடவில்லை.

"இஞ்சை ராசாவிலையும் வழக்குப் போடேலாதுதானே, அன்ரி?"

"இந்த ராசா என்ரை பிள்ளையைக் கொண்டுபோகேல்லை, தம்பி."

அவனுடைய முகம் மாறியது. "தை மாசம் ஊருக்கு அம்மாவைப் பாக்கப் போறன். இதிலை கையெழுத்து வைச்சனெண்டு எயாப்போட்டிலை மறிச்சா என்ன செய்யிறது?"

பையைக் கொடுத்துவிட்டேன். அவன் போகவில்லை. மழை பிடித்ததும் குடையை விரித்து, நாங்கள் முடிக்கும்வரை ரவியின் படத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் குடை விரிப்பதற்குள்ளேயே படம் நனைந்து முகம் கலங்கிவிட்டது. அதில் ரவிக்கு இருபது வயது. பெரிய பேத்தி இப்போது அவனுக்கு மூத்தவள்.

அடுத்த சனியும் நிற்பேன். விடிந்ததும் மட்டக்களப்புக்குப் போன் எடுத்துத் தங்கச்சியிடம் சொல்ல வேண்டும்: உன்னிடமுள்ள ரவியின் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் புதிதாக, பெரிதாக அடித்துத் தபாலில் அனுப்பு.